ஊசலின் வீச்சும் உண்மையின் அளவும்

ஊசல் என்னும் சொல் தமிழுக்குப் பழையது. சங்கச் சான்றோர் பாடல்களில் மகளிர் ஊசலாடும் காட்சிகளைக் காண்கிறோம். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஊசல் வரி இடம்பெறுகிறது. திருவாசகத்தில் பொன்னூசல் உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசலுக்கெனத் தனிப் பருவமே உண்டு. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடிய மரபினர் ஆதலின், ஊசல் நமக்கும் அயலதன்று. உள்ளம் ஒரு நிலையில் நில்லாது தடுமாறுவதையும் ஊசலாட்டம் என்றே வழங்குகிறோம். இயற்பியலைத் தமிழில் எழுத முற்பட்ட அறிஞர்கள், நூலிற் கட்டித் தொங்கவிடப்பெற்ற குண்டு அங்குமிங்கும் அலைவதைக் கண்டு அதற்குத் 'தனி ஊசல்' எனப் பெயரிட்டமை மிகப் பொருத்தமே.

தமிழ் பயிற்றும் நாம் இயற்பியலைப் பற்றி எழுதுவானேன் என்று மாணவர் வினவக்கூடும். காரணம் உண்டு. அது நாவலூரில் எம் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதில் நிகழ்ந்தது.

மேனிலைப் பள்ளியில் பயிலும் எம் தமக்கையின் மகள், தன் செய்முறைப் பதிவேட்டைக் கொணர்ந்து, 'மாமா, இதில் தமிழ்ப் பிழை உள்ளதா என்று பார்த்துத் தாருங்கள்' என்றாள். ஊசலை வெவ்வேறு அளவுக்கு இழுத்துவிட்டு, அது பத்து முறை அலைந்து வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்டறியும் சோதனை அது. நூலின் நீளம் ஒரு மீட்டர். இழுத்த கோணங்கள் 5, 10, 30, 45, 60 பாகைகள். ஐந்துக்கும் எதிரே மையினால் 20.1 நொடி என்றே எழுதியிருந்தாள். கீழே முடிவு: 'அலைவு நேரம் வீச்சைச் சார்ந்ததன்று.'

தமிழில் பிழையில்லை. ஆயினும் மை எழுத்துகளின் அடியில் அழிப்பான் தேய்த்த தடம் தெரிந்தது. விளக்கருகே பிடித்து நோக்கினோம். முதலில் பென்சிலால் எழுதப்பெற்றிருந்தவை வேறு: 20.1, 20.1, 20.4, 20.8, 21.4. 'ஏனம்மா அழித்தாய்?' என்றோம். 'சரியான விடை வரவில்லை, மாமா. மதிப்பெண் குறைந்துவிடும்' என்றாள்.

அவள் அழித்தவைதாம் சரியான விடைகள் என்பதை அறிய எமக்கும் சில நாள்கள் ஆயின. எம் கல்லூரி இயற்பியல் துறை நண்பர்களை வினவியும் நூல்களைப் புரட்டியும் யாம் தெளிந்தவற்றை இங்கே வைக்கிறோம்.

வீச்சு என்றால் என்ன?

முதலிற் சொற்களைத் தெளிவோம். ஊசற்குண்டு ஓய்ந்து நிற்கும் இடம் அதன் நடுநிலை. அங்கிருந்து ஒரு பக்கம் அது விலகிச் செல்லும் பெரும அளவு வீச்சு. ஒரு கோடியிலிருந்து புறப்பட்டு மறுகோடி சென்று மீண்டும் புறப்பட்ட இடம் வந்து சேர்வது ஓர் அலைவு. அதற்காகும் காலம் அலைவு நேரம்.

ஊசல் ஏன் திரும்பி வருகிறது? குண்டின் எடை அதனைக் கீழ்நோக்கி இழுக்கிறது. நூல் அதனை விழவிடாது பிடிக்கிறது. எனவே எடையின் ஒரு பகுதி மட்டுமே குண்டை நடுநிலை நோக்கிச் செலுத்துகிறது. அப்பகுதி எவ்வளவு என்பது, நூல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சாய்வு சிறிதாக இருக்கும்போது ஓர் அழகிய ஒழுங்கு காணப்படுகிறது. 5 பாகை சாய்ந்த ஊசலை 10 பாகைக்குச் சாய்த்தால், அதனைத் திருப்பும் விசையும் ஏறத்தாழ இருமடங்காகிறது. செல்ல வேண்டிய தொலைவு இருமடங்கு. இழுக்கும் விசையும் இருமடங்கு. ஆகவே வேகமும் இருமடங்காகிக் காலம் மாறாது நிற்கிறது. நெடுவழி செல்வோன் விரைந்து நடந்து, குறுவழி செல்வோனுடன் ஒரே வேளையில் ஊர் சேர்வது போன்றது இது.

சாய்வு மிகும்போது இவ்வொழுங்கு தளர்கிறது. 30 பாகையில் திருப்பு விசை குண்டின் எடையிற் சரிபாதி. 60 பாகையில் அது இருமடங்காகி எடை முழுவதுக்கும் நிகராக வேண்டும். ஆனால் எடையில் நூற்றுக்கு 87 பங்கு அளவே வருகிறது. முழு எடையும் இழுப்பது 90 பாகையில்தான். தொலைவு வளர்ந்த அளவுக்கு விசை வளரவில்லை. எனவே நெடுவழி செல்லும் குண்டு சற்றே பிந்தி வருகிறது.

எவ்வளவு பிந்தும் என்பதைக் கணிதம் உறுதியாகக் கூறுகிறது. 5 பாகை வீச்சில் அலைவு நேரம் கூடுவது பத்தாயிரத்தில் ஐந்து பங்கிற்கும் சற்றுக் குறைவு. 10 பாகையில் ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு. 30 பாகையில் நூற்றில் 1.7 பங்கு. 45 பாகையில் நூற்றில் 4 பங்கு. 60 பாகையில் நூற்றில் 7.3 பங்கு. 90 பாகையில் நூற்றில் 18 பங்கு. சிறு வீச்சுகளில், வீச்சு இருமடங்கானால் இப்பிந்துதல் நான்மடங்காகும் என்பது நினைவிற் கொள்ளத்தக்க எளிய விதி.

எம் மருமகளின் எண்களை இதனோடு ஒப்பிடுவோம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல், இப்பகுதியில் மிகச்சிறு வீச்சில் பத்து முறை அலைய 20.09 நொடி ஆகும். 30 பாகைக்குக் கணக்கின்படி 20.44, அவள் கண்டது 20.4. 45 பாகைக்கு 20.89, அவள் கண்டது 20.8. 60 பாகைக்கு 21.56, அவள் கண்டது 21.4. பெரிய வீச்சுகளில் அவள் எண் சற்றுக் குறைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. காற்றின் தடையால் வீச்சு ஒவ்வோர் அலைவிலும் சுருங்குகிறது. பத்தாவது அலைவில் அது 60 பாகையாக இராது. அச்சிறுபெண் கைக்கடிகாரத்தின் துணைகொண்டு இயற்கையின் நுட்பமான விதியொன்றைத் தொட்டுவிட்டாள். தொட்டதை அறியாமல் அழித்தும்விட்டாள்.

விடுபட்ட அடைமொழி

பாடநூல் தவறாகக் கூறிற்றா? அவளது நூலை வாங்கிப் பார்த்தோம். 'சிறு வீச்சுகளுக்கு' என்னும் அடை அங்கே தெளிவாக இருந்தது. மனப்பாடம் செய்கையில் அவ்வடை உதிர்ந்துவிட்டது. பெயருக்கு முன் நிற்கும் அடைமொழி பொருளை வரையறுக்கும் என்று வகுப்பில் நாள்தோறும் கூறுகிறோம். அடையை நீக்கினால் தொடர் அழகு குன்றாதிருக்கலாம்; உண்மை குன்றிவிடும். அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டியதில்லை.

இவ்வடைமொழியைப் பேரறிஞரும் தவறவிட்டுள்ளனர். ஊசலை முறையாக ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கலிலியோ, வீச்சு பெரிதாயினும் சிறிதாயினும் அலைவு நேரம் ஒன்றே என்று 1602ஆம் ஆண்டிலேயே ஒரு மடலில் வாதிட்டார்; 1638இல் வெளிவந்த தம் நூலிலும் அக்கருத்தையே நிலைநாட்டினார். அவர் காலத்தவரான பிரான்சு நாட்டு மெர்சேன், சோதித்துப் பார்த்துப் பெருவீச்சு பிந்துவதைக் கண்டறிந்தார். கலிலியோவின் புகழ் அவரைத் தடுக்கவில்லை.

டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1656இல் ஊசற்கடிகாரத்தை உருவாக்கினார். வீச்சு மாறினால் கடிகாரம் பிழைபடும் என்பது அவருக்குப் பெருங்கவலை. மிகச்சிறு வீச்சில் சரியாக ஓடும் கடிகாரம் 5 பாகை வீச்சில் ஆடினால் நாளொன்றுக்கு 41 நொடி பிந்தும். 10 பாகையாயின் 2 நிமிடம் 45 நொடி பிந்தும். குண்டு வட்ட வில்லில் இயங்காது, உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் வளைவில் இயங்கினால் எவ்வீச்சிலும் காலம் மாறாது என்று அவர் நிறுவி, 1673இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நடைமுறையில் கடிகாரம் செய்வோர் எளிய வழியை மேற்கொண்டனர். ஊசலை மிகச் சிறிதாகவே ஆடவிட்டனர். பழைய வீடுகளின் கூடத்தில் நிற்கும் நெடிய கடிகாரத்தின் ஊசல் அடக்கமாக ஆடுவதன் காரணம் இதுவே.

நம் கடற்கரையில் ஆடிய ஊசல்

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. நாவலூருக்கு வடக்கே சில கல் தொலைவில் பரங்கிமலை உள்ளது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்டன் அதன் அடிவாரச் சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கமாக ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்திற்குச் சங்கிலி பிடித்து அளந்தார். இந்திய நிலப்பரப்பு முழுவதையும் முக்கோணங்களாகப் பகுத்தளந்த பேரளவைப் பணிக்கு அதுவே அடிக்கோடாயிற்று. லாம்டனுக்குத் துணைநின்ற இளம் அலுவலர்களுள் ஹென்றி கேட்டர் என்பவர் ஒருவர். உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய அவர், 1817இல் இருபுறமும் தொங்கவிடத்தக்க ஊசலொன்றை வகுத்துப் புவியீர்ப்பை அளக்கும் கலையையே மாற்றியமைத்தார். நம் பகுதியின் மண்ணை அளந்து பழகியவரே பின்னாளில் ஊசலின் பெயரோடு நிலைபெற்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கேட்டரின் முறையைப் பின்பற்றி, சென்னை வானாய்வகத்தின் பொறுப்பிலிருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1821இல் சென்னையில் ஊசலை ஆடவிட்டு அளந்தார். அவ்வளவுகளை இலண்டன் வேந்தவைக் கழகம் 1822இல் வெளியிட்டது. அவ்வானாய்வகம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளுடன் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளது. மாணவர்கள் கண்டுவரத்தக்க இடம் அது.

கோல்டிங்ஹாம் தேடியது என்ன? நடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு சிறிது குறைகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் இலண்டனில் ஏறத்தாழ 99.4 சென்டிமீட்டர், சென்னையில் 99.1 சென்டிமீட்டர். இடைவெளி மூன்று மில்லிமீட்டரே. இலண்டனில் சரியாக ஓடிய ஊசற்கடிகாரத்தை அப்படியே சென்னையில் வைத்தால் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகப் பிந்தும். நிலவுலகின் உருவத்தை அறிய இச்சிறு வேறுபாடுதான் திறவுகோல்.

ஈண்டு நம் பொருளுக்கு வருவோம். வீச்சு 5 பாகையாக இருந்தால் அதனால் மட்டுமே 41 நொடி பிந்தும் என்று கண்டோம். தேடும் வேறுபாட்டில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! வீச்சைக் கணக்கிற் கொள்ளாதவன் புவியின் வடிவத்தையே தவறாகக் கூறிவிடுவான். ஆகவேதான் இவ்வளவாளர்கள் ஊசலை மிகச்சிறிதாக ஆடவிட்டனர். தொடக்கத்தில் வீச்சு எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொண்டனர். பின்னர் வீச்சே இல்லையெனில் என்ன நேரம் வந்திருக்கும் என்று கணக்கிட்டுத் திருத்தினர். கண்ட எண்ணை அவர்கள் அழிக்கவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதி, திருத்தத்தை அருகே தனியே எழுதினர். அழித்தலுக்கும் திருத்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இப்பணி எளிதன்று. 1865 முதல் இந்தியா முழுவதும் ஊசல் அளவைகளை நடத்திய கேப்டன் பசேவி, குமரிமுனைப் பகுதி தொடங்கி இமயம் வரை சென்று, லடாக்கின் உறைகுளிரில் 1871இல் உயிர்நீத்தார். நொடியின் சிறு பின்னத்துக்காக ஒருவர் அவ்வளவு தொலைவு சென்றார் என்பதை மாணவர் மறத்தலாகாது.

நாமும் அழித்த எண்

மருமகளைத் திருத்த முற்பட்ட எமக்கு எம் பிழையொன்று நினைவுக்கு வந்தது. அதை மறைத்து இக்கட்டுரையை முடிப்பது முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மேடையில், 'ஊசலைக் கண்டுபிடித்தவர் கலிலியோ அல்லர். அவருக்கு அறுநூறு ஆண்டுகட்கு முன்னரே எகிப்தின் முஸ்லிம் வானியலார் இப்னு யூனுஸ் கண்டுபிடித்தார்' என்று முழங்கினோம். அவையினர் கைதட்டினர். பல மலர்களில் அவ்வாறே படித்திருந்தோம். எங்கிருந்து அச்செய்தி வந்தது என்று தேடவில்லை.

இப்போது தேடினோம். 1684இல் ஆக்ஸ்போர்டு வானியலார் எட்வர்ட் பெர்னார்டு எழுதிய ஒரு மடலே அச்செய்தியின் ஊற்று. அதனை ஒருவரைப் பார்த்து ஒருவர் முந்நூறு ஆண்டு எழுதிவந்துள்ளனர். அரபு வானியல் சுவடிகளில் ஆழ்ந்த புலமையுடைய டேவிட் கிங் என்னும் ஆய்வாளர் 1979இல் இதனை நுணுகி ஆராய்ந்து, இப்னு யூனுஸ் ஊசலைப் பயன்படுத்தியதற்குச் சான்றில்லை என்று காட்டினார். பெர்னார்டு முஸ்லிம் அல்லர் என்பதும் கருதத்தக்கது; பிறர் தந்த பொய்ப்பொன்னை ஆராயாமல் அணிந்து மகிழ்ந்தோம்.

இதனால் இப்னு யூனுஸின் பெருமை குறைந்ததா? ஒருபோதும் இல்லை. 1009இல் மறைந்த அப்பெருமகனார் கெய்ரோவில் கோள்களையும் கிரகணங்களையும் கண்டு எழுதிய அட்டவணைகள் வானியலின் பெருஞ்செல்வங்கள். சூரியனின் உயரங்கொண்டு பொழுதறியும் அட்டவணைகளும் அவர் பெயரால் கெய்ரோவில் பல நூற்றாண்டு வழங்கின. தொழுகை நேரங்களைக் கணிக்க அவை துணைநின்றன. அவர் குறித்த கிரகணங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சைமன் நியூகோம் என்னும் அமெரிக்க வானியலார் நிலவின் இயக்கத்தை ஆராயப் பயன்படுத்தினார். எண்ணூறு ஆண்டு கழிந்தும் அவ்வெண்கள் பயன்பட்டமைக்குக் காரணம் யாது? கண்டதைக் கண்டவாறே எழுதினார் என்பதே. அவர்க்கு இல்லாத ஊசலைச் சூட்டிய நாம், அவரிடம் இருந்த இந்த நேர்மையைப் போற்ற மறந்தோம்.

நம் மண்ணிலும் மெய்யான பெருமைக்குரியோர் உளர். ஆர்க்காட்டைச் சார்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய நில அளவைத் துறையின் கணிதக் கருவி வல்லுநராக உயர்ந்தார். நுண்கருவிகளைச் செப்பனிடுவதில் அவருக்கிருந்த திறனை ஜார்ஜ் எவரெஸ்ட் வியந்து பாராட்டினார். அவர் பெயரை நம் மேடைகளில் நாம் கேட்டதில்லை. பொய்ப்பெருமை இடத்தை அடைத்துக்கொள்ளும்போது மெய்ப்பெருமை வாயிலில் நின்றுவிடுகிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

எம் சொல்லையும் மாணவர் சோதிக்க வேண்டும். ஒரே நீளமுடைய இரு நூல்களில் ஒத்த இரு குண்டுகளைக் கட்டி அருகருகே தொங்கவிடுங்கள். ஒன்றை 5 பாகைக்கும் மற்றொன்றை 10 பாகைக்கும் இழுத்து ஒருசேர விடுங்கள். நெடுநேரம் அவை இணைபிரியாது ஆடுவது போலவே தோன்றும். பின்னர் ஒன்றை 10 பாகைக்கும் மற்றொன்றை 60 பாகைக்கும் இழுத்து விடுங்கள். ஏழெட்டு அலைவுகளுக்குள் ஒன்று வலம் செல்ல மற்றது இடம் செல்வதைக் காண்பீர்கள். கடிகாரமும் வேண்டா, கண்ணே போதும்.

நாவலூர் இல்லத்தின் தாழ்வாரத்தில் எம் மருமகளும் யாமும் இதனைச் செய்து பார்த்தோம். எட்டாம் அலைவில் குண்டுகள் எதிரெதிரே சென்றபோது அவள், 'அப்படியானால் நான் முதலில் எழுதியதுதானே சரி, மாமா?' என்றாள். ஆம் என்றோம். பதிவேட்டில் அப்பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடிட்டு அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் பழைய எண்களை மையினால் எழுதினாள். முடிவை இவ்வாறு மாற்றினாள்: 'சிறு வீச்சுகளுக்கு அலைவு நேரம் ஏறத்தாழ மாறாதது, வீச்சு மிகுந்தால் அலைவு நேரமும் மிகும்.' மதிப்பெண் பற்றி அவள் பின்னர்ப் பேசவில்லை, யாமும் கேட்கவில்லை.

அவள் தன் பதிவேட்டைத் திருத்திக்கொண்டாள். அன்று மேடையில் யாம் கூறியதைக் கேட்டுக் கைதட்டிய பெரியோர்களுள் சிலரேனும் இம்மலரைப் படிப்பர் என நம்புகிறோம். அவர்கள் முன் எம் திருத்தத்தை இவ்வெழுத்தின் வழியே பணிவுடன் வைக்கிறோம்.